ஊர் ஆயாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எண்பது, தொண்ணூறு வயது வரை ஓடியாடி வாழ்ந்து, கொள்ளுப்பேரன் நெய்ப்பந்தம் பிடிக்க, பேண்டு வாத்தியத்தோடு போய்ச் சேர்ந்த ஆயா ஒருவர் வேலூர்ப் பக்கத்தில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். கல்யாணச் சாவு என்று ஊரே சொல்லும். காரியம் முடிந்த பிறகு மிஞ்சுவது தெருமுனையில் கிழிந்து தொங்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்தான். ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய முகம், கீழே ‘பாசத்தின் இருப்பிடமே’ என்று ஒரு வரி. அந்த வரி பேனர் கடைக் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கும், யார் ஆயாவுக்கும் போடலாம்.

உங்கள் ஆயாவுக்கு மட்டுமே பொருந்துகிற வரிகளை எப்படிச் சேர்ப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. சந்தையில் யாரோடு சண்டை போட்டார், யாருக்குக் கைமாற்றுக் கொடுத்துத் திருப்பிக் கேட்காமல் விட்டார், டென்ட் கொட்டாயில் படம் பார்க்க என்ன பொய் சொல்லிவிட்டுப் போனார், இதெல்லாம்தான் ஆள். இதற்கு எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு போன், கேட்டதையே திரும்பக் கேட்கக் கூச்சப்படாத மனசு இருந்தால் போதும்.

படி 1: ஆள் கூடும் நாளைப் பிடியுங்கள்

ஆயா உயிரோடு இருந்தால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். ‘பேட்டி எடுக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டு எதிரில் உட்காராதீர்கள். புடவையைச் சரி செய்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒற்றை வார்த்தையில் பதில் வரும். மல்லாக்கொட்டை உரிக்கும்போதோ கீரை ஆயும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். கை ஓடினால் வாய் தானாக ஓடும்.

ஆயா காலமாகிவிட்டார் என்றால், சாவு வீட்டிலிருந்து கருமாதி வரைக்குமான நாட்கள்தான் நல்ல சமயம். பரதராமி, லத்தேரி, ஒடுகத்தூர், சித்தூர், பெங்களூரு என்று சிதறிக் கிடக்கும் சொந்தம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வருவது அப்போதுதான். ராத்திரி சாப்பாடு முடிந்து பெரியவர்கள் பாய் போட்டு உட்கார்ந்ததும் பேச்சு கண்டிப்பாக ஆயாவிடம் வந்து நிற்கும். அந்தப் பேச்சைப் பிடியுங்கள். காலையில் முதல் பஸ்ஸுக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் அந்த ஜமா சேராது.

ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேளுங்கள். நம் பக்கத்தில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் வெறுமனே அழுவதில்லை. பிறந்த வீட்டிலிருந்து என்ன சீர் வந்தது, எந்த அண்ணன் வராமல் போனான், புருஷன் போன பிறகு எப்படிப் பிள்ளைகளைக் கரையேற்றினார் என்று பாட்டிலேயே வரிசையாக வந்துவிடும். வீட்டில் யாரும் எதிரில் பேசத் துணியாத குறையைக்கூட அங்கே சொல்லிவிடுவார்கள். பதிவு செய்வதானால் வீட்டுப் பெரியவரிடமும் பாடுகிறவரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேராக போனை நீட்டாதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, நாலு நாள் கழித்து அதே பெண்ணிடம் போய், ‘அத்தை, அன்னிக்கு மாமன் சீர் பத்தி ஒண்ணு பாடினியே, அது இன்னா கதை?’ என்று கேளுங்கள். பாட்டைவிட நீளமான கதை கிடைக்கும்.

படி 2: வயதைக் கண்டுபிடியுங்கள்

இதில்தான் எல்லோரும் திணறுவார்கள், இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். பழைய ஆயாக்களுக்குப் பிறப்புச் சான்று கிடையாது. ஆதாரில் பிறந்த தேதி 01-01 என்று இருந்தால், யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயதை வைத்துக் கம்ப்யூட்டர் போட்ட தேதி என்று எடுத்துக்கொள்ளலாம். ரேஷன் கார்டு ஒரு வயதைச் சொல்லும், வாக்காளர் அட்டை இன்னொன்றைச் சொல்லும். முதியோர் உதவித்தொகைக்காக நாலைந்து வயதைக் கூட்டிச் சொன்ன ஆயாக்களும் உண்டு. தப்பாக நினைக்காதீர்கள், அதையும் எழுதுங்கள்.

‘எந்த வருஷம் பொறந்தே?’ என்று கேட்டால் பதில் வராது. ‘அப்போ நீ எம்மாம் பெரிய பொண்ணு?’ என்று ஒரு சம்பவத்தோடு சேர்த்துக் கேட்டால் வரும். எந்தெந்தச் சம்பவத்தைக் கேட்கலாம் என்று பார்ப்போம்.

ஓட்டைக் காலணா நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் ஓட்டை போட்ட அந்தக் காசு 1943 முதல் 1947 வரை அடித்தது. அதைக் கயிற்றில் கோத்து விளையாடினேன் என்றால் அப்போது சின்னக் குழந்தை. அதைக் கொண்டுபோய்க் கடையில் சாமான் வாங்கினேன் என்றால் எட்டுப் பத்து வயதாவது இருக்கும். அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். பதினாறு அணா நூறு பைசா ஆனபோது கடைக்காரர் ஏமாற்றினார் என்று பல ஆயாக்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். அப்போது கல்யாணம் ஆகியிருந்ததா, கையில் குழந்தை இருந்ததா என்று கேளுங்கள்.

குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்கு 1954 ஒரு நல்ல அடையாளம். முதலமைச்சரான காமராசர் சட்டமன்றத்துக்குப் போக இடைத்தேர்தலில் நின்றது குடியாத்தத்தில்தான். அவர் தெருவில் நடந்து வந்ததைப் பார்த்தவர்கள், பார்த்ததாகச் சொல்பவர்கள் இரண்டு வகையும் இருப்பார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். காந்தி செத்த 1948 ஜனவரி, அண்ணா போன 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். போன 1987 டிசம்பர் இவையெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. வேலூர்க்காரர்களுக்கு இன்னொன்று உண்டு: கோட்டைக்குள் வெகுகாலம் மூலவர் இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த 1981. ‘சாமி கோட்டைக்கு வந்தப்ப உங்க அப்பன் காலேஜ் படிச்சிக்கினு இருந்தான்’ என்று ஒரு வாக்கியம் கிடைத்தால் இரண்டு பேர் வயது ஒரே அடியில் தெரிந்துவிடும்.

தமிழ் வருஷப் பெயர் தெரிந்த ஆயா என்றால் உங்கள் வேலை சுலபம். அறுபது வருஷச் சுழற்சியில் பிரபவ 1927 ஏப்ரலில் பிறந்தது. அங்கிருந்து எண்ணினால் பிரமோதூத 1930, தாது 1936, விக்ரம 1940, சர்வஜித்து 1947. தாது என்றதும் பஞ்சம்தான் ஞாபகம் வரும். அந்தப் பஞ்சம் அதற்கு முந்தின சுற்று, 1876. ஆயாவின் ஆயா சொன்ன பஞ்சக் கதையும் ஆயா பிறந்த வருஷமும் ஒரே பெயரில் குழம்பிப் போகும், கவனம்.

மாதத்துக்குத் திருவிழாதான் காலண்டர். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி ஒன்றாம் தேதி. பாலாற்றங்கரை மயானக் கொள்ளை மாசியில், சிவராத்திரியை ஒட்டி. படவேட்டம்மனுக்கு ஆடி வெள்ளி. விரிஞ்சிபுரம் கடை ஞாயிறு கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறு. ‘பெரியவன் பொறந்தது சிரசுக்கு முன்னாடியா பின்னாடியா?’ என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் பதில் வரும். விரிஞ்சிபுரம் கடை ஞாயிற்றில் சிம்மக் குளத்தில் குளித்து, ஈரத்துணியோடு கோயிலில் படுத்துப் பிள்ளை வரம் கேட்ட ஆயாக்கள் நிறைய. உங்கள் ஆயா போனாரா என்று கேட்டால், கல்யாணத்துக்கும் முதல் பிள்ளைக்கும் நடுவில் ஏன் அத்தனை வருஷம் என்பதும் வெளியே வரும்.

இத்தனைக்கும் பிறகு சரியான தேதி கிடைக்காவிட்டால் ‘1932க்கும் 1935க்கும் இடையில்’ என்றே எழுதுங்கள். அழகுக்காக ஒரு தேதியைப் போட்டுவிட்டால் அடுத்த தலைமுறை அதைக் கல்லில் வெட்டிவிடும்.

படி 3: டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

காரியம் முடிந்ததும் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு சித்தப்பா கிளம்புவார். அவருக்கு முன்னால் நீங்கள் போய்விட வேண்டும். பெட்டி, மாடம், சாமி படத்துக்குப் பின்பக்கம், அரிசிப் பானைக்கு அடி, தலையணை உறை, எல்லா இடமும் பாருங்கள். எதையும் எடுக்கும் முன் இருந்தபடியே ஒரு போட்டோ.

வீட்டிலேயே பெரிய பொக்கிஷம் மொய் நோட்டு. ‘சேம்பள்ளி பெரிய மாமா வீடு, 2 ரூபாய், ஒரு குடம்’ என்று பென்சிலில் எழுதிய ஒரு வரி போதும். அந்தக் காலத்தில் யார் யார் உறவாக இருந்தார்கள், எந்த ஊரில் இருந்தார்கள், எந்த வீட்டோடு பிறகு பேச்சு நின்றது என்று அதில் படிக்கலாம். முதல் கல்யாணத்து நோட்டில் இருக்கும் பெயர் அடுத்த கல்யாணத்து நோட்டில் இல்லை என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. யாரைக் கேட்பது என்பது உங்களுக்கே தெரியும்.

கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருஷம், மாதம், நட்சத்திரம் எல்லாம் அச்சாகவே கிடக்கும். நிலப் பத்திரத்தில், விற்றவர் வாங்கியவர் பெயருக்குப் பக்கத்தில் வயது போட்டிருப்பார்கள். ஆயா கைநாட்டு வைத்த பத்திரம் ஒன்று இருந்தால் அதுவே ஒரு வயதுச் சான்று. பத்திரம் தொலைந்திருந்தால் சர்வே எண்ணோ பத்திர எண்ணோ தெரிந்தால் போதும், சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கலாம்.

பத்திரம் தேடும்போது மாவட்டப் பெயரில் குழம்ப வேண்டாம். ஆயா ஒரே வீட்டில் வாழ்ந்திருப்பார், விலாசம் மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கும். 1989 வரை வட ஆற்காடு. அந்த வருஷம் திருவண்ணாமலை தனியாகப் போனதும் மீதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். வாலாஜா, ஆற்காடு, சோளிங்கர் எல்லாம் ராணிப்பேட்டை. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்தது, மாவட்டத் தலைநகரே அதுதான். அதனால்தான் நம் பக்கத்தில் பாதி வீட்டுக்குப் பெண் எடுத்த ஊர் இன்று ஆந்திராவில் இருக்கிறது. ஆயாவின் பிறந்த வீடு பலமநேர், குப்பம் பக்கம் என்றால் அங்கே உள்ள தாள்கள் தெலுங்கில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பீடி சுற்றிய ஆயா என்றால் பீடி கார்டு, பி.எஃப். புத்தகம் தேடுங்கள். தோல் ஷாப்பிலோ தீப்பெட்டி கம்பெனியிலோ வேலை பார்த்தவர் என்றால் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை. வீட்டு வேலை தவிர ஒன்றும் செய்யாதவர் என்று குடும்பம் சொல்லும் பல ஆயாக்களின் பெயரில் இப்படி ஒரு அட்டை இருக்கும்.

படி 4: யாரைக் கேட்பது?

பெற்ற பிள்ளைகளைக் கடைசியில் கேளுங்கள். அவர்களுக்கு அம்மா என்றால் தெய்வம், இல்லாவிட்டால் சொத்துத் தகராறு. இரண்டிலும் ஆள் தெரியாது. முதலில் கேட்க வேண்டியது ஓரகத்தி, நாத்தனார், கூட வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர். இவர்களும் வயதானவர்கள்தான், அதனால் இருப்பதிலேயே மூத்தவரிடம் முதலில் போங்கள்.

எதிர் வீட்டுக் கிழவியிடம் கேட்டபோது எங்கள் ஆயாவைப் பற்றி வந்த முதல் வாக்கியம்: ‘உங்க ஆயாவா? அது வாயத் தொறந்தா குழாயடியில கொடம் வெச்சவ எல்லாம் கொடத்த எடுத்துக்கினு போயிடுவா.’ இப்படி ஒரு வரி எந்தப் பிள்ளை வாயிலிருந்தும் வராது.

பேரணாம்பட்டு, ஆம்பூர், குடியாத்தம் மாதிரி ஊர்களில் பாய் வீட்டு அம்மா ஒருவர் எப்போதும் இருப்பார். ரம்ஜானுக்கு இங்கே பிரியாணி வரும், பொங்கலுக்கு அங்கே கரும்பு போகும். ஆயாவின் அந்தரங்கம் நாத்தனாருக்குத் தெரிந்ததைவிட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும், ஏனென்றால் அங்கே சொன்னால் சொந்தத்துக்குள் பரவாது. அவரைப் போய்ப் பார்க்காமல் விடாதீர்கள்.

படி 5: வாழ்க்கையைக் கேட்காதீர்கள், ஒரு நாளைக் கேளுங்கள்

‘உன் வாழ்க்கை எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘இன்னா இருந்துச்சு, கஷ்டந்தான்’ என்பதோடு முடிந்துவிடும். ‘ஆயா, நீ கல்யாணம் ஆகி வந்தப்ப காலையில எந்திரிச்சதும் மொதல்ல இன்னா செய்வே?’ என்று கேளுங்கள். அங்கிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை அவரோடு நடந்து போங்கள். எந்தக் கிணற்றில் தண்ணி, எத்தனை பேருக்குக் களி கிண்டணும், கடைசியாகச் சாப்பிடுவது யார், படுக்கை எங்கே? மாமியாரிடம் பேச்சு வாங்கிய கதை தானாக வழியில் வரும்.

வேலையைப் பற்றிக் கேட்கும்போது செய்முறையைக் கேளுங்கள், முடிந்தால் செய்து காட்டச் சொல்லுங்கள். எங்கள் ஆயா பீடி சுற்றி நிறுத்தி வெகுகாலம் ஆன பிறகும், முறத்தை மடியில் வைத்துக் கொடுத்தால் கை தானாகப் போகும். இலையை முந்தின நாளே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்க வேண்டும். தகரத் தகட்டை இலை மேல் வைத்துக் கத்திரியால் ஓரம் வெட்டி, ஒரு சிட்டிகைத் தூளை நீளவாக்கில் தூவி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே உருட்டு. வாயை நகத்தால் மடக்கி அழுத்தி, மறுமுனையில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு. இத்தனையும் நடக்கும்போது ஆயா கையைப் பார்க்கவே பார்க்காது, தெருவில் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு, கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கட்டை விரல் நகத்தில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. இதையெல்லாம் வீடியோ எடுத்தால் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும். எது எதற்காக என்று வீடியோவில் தெரியாது.

பணத்தைப் பற்றிக் கேளுங்கள். ஏலச்சீட்டு பிடித்தாரா, யார் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினார், கம்மல் எத்தனை முறை அடகுக்குப் போனது, எந்தப் பிள்ளை படிப்புக்குத் திரும்பாமலே போனது? ஆயாவிடம் கேட்டால் ஒவ்வொரு முறையும் எவ்வளவுக்கு வைத்தார் என்று சொல்வார். தாத்தாவுக்கு அடகு வைத்ததே தெரிந்திருக்காது.

உடம்பைப் பற்றிக் கேளுங்கள், பெண்கள் கேட்டால் நல்லது. பெற்றது எத்தனை, நின்றது எத்தனை என்று இரண்டையும் கேளுங்கள். தங்காத பிள்ளைக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர் எந்தச் சான்றிதழிலும் கிடையாது. அம்மை போட்ட கதை, ஊசி போட வந்தவர்களைக் கண்டு கயினிக்கு (கழனிக்கு) ஓடிய கதை எல்லாம் இங்கேதான் வரும். நம் பக்கத்தில் இதோடு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக் கதையும் சேரும். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கியது அது. 1960இல் அவர் இறக்கும்போது பல ஆயாக்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தன. ‘வெள்ளைக்காரம்மா கையால பொறந்தவன்’ என்று ஒரு பெரியப்பா வீட்டுக்கு ஒருவர் இருப்பார். நம்புங்கள், ஆனால் வருஷத்தைச் சரிபாருங்கள்.

சந்தோஷத்தை மறக்காதீர்கள். கிழவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் கண்ணீரிலேயே முடித்துவிடுகிறார்கள். துரியோதனன் படுகளம் பார்க்க விடிய விடிய உட்கார்ந்தது, மாடு விடும் திருவிழாவில் மாடியிலிருந்து விசில் அடித்தது, எம்.ஜி.ஆர். படத்துக்குப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஓடியது, வெற்றிலைப் பாக்கோடு திருட்டுத்தனமாகப் புகையிலை, டிவி சீரியல் வில்லியைத் திட்டியது. சீட்டாட்டத்தில் தாத்தாவை ஏமாற்றியிருந்தால் அதற்குத் தனிப் பக்கமே ஒதுக்குங்கள்.

படி 6: பதிவு செய்வது

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் ஆயாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்துங்கள். குக்கர் விசில் வந்தால் வரட்டும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆரம்பத்தில் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்புக்கு ‘2025-05-ஆயா-பீடி-சீட்டு’ என்பது மாதிரி பெயர் வைத்து, அன்றைக்கே இன்னொரு இடத்திலும் ஒரு நகல் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

பேச்சு நடுவில் நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். ஆயா வெற்றிலை மடிக்கிற அந்த நேரத்துக்குப் பிறகுதான் முக்கியமான சமாசாரம் வரும்.

படி 7: கைப்பக்குவத்தை அளந்து எழுதுங்கள்

‘ஒரு கை உப்பு, கண்ணளவு புளி’ என்பதை அப்படியே எழுதினால் யாராலும் சமைக்க முடியாது. சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, ஆயா கையில் எடுத்ததைக் கொட்டச் சொல்லி எடை பாருங்கள். திட்டுவார், பரவாயில்லை. புளிக் கிண்ணத்தை முதலில் எடை போட்டு, சமையல் முடிந்ததும் திரும்பப் போட்டால் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். வீட்டில் பழைய படி, ஆழாக்கு இருந்தால் தண்ணீர் ஊற்றி மில்லி லிட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். படி ஊருக்கு ஊர் மாறும்.

காய் எது என்பதும் முக்கியம். எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்தான் என்று ஆயா அடம் பிடித்திருந்தால் அதை எழுதுங்கள். கேவுறு களிக்கு எந்தத் துடுப்பு, கட்டி விழுந்தால் என்ன செய்வது, ஆடிக் கூழுக்கு மாவு எத்தனை நாள் புளிக்கணும் என்று எல்லாமும். ஆயா காலமாகிவிட்டார் என்றால், கூடவே நின்று சமைத்த மருமகளைக் கேளுங்கள். மகளுக்கு ருசி தெரியும், மருமகளுக்குத்தான் முறை தெரியும்.

படி 8: போட்டோக்கள்

கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய போட்டோவைப் பிய்க்காதீர்கள். சட்டத்தோடு வெளிச்சம் எதிரடிக்காத இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். தனிப் போட்டோவை ஸ்கேனரில் 600 டி.பி.ஐ.யில் எடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் இடமிருந்து வலமாகப் பெயரும் உறவும் எழுத வேண்டும். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள்.

படி 9: எழுதுவது

வருஷ வரிசையில் எழுதினால் பயோடேட்டா மாதிரி ஆகிவிடும். ஆயா வாழ்ந்த இடங்களை வைத்துப் பிரியுங்கள்: பிறந்த வீடு, புகுந்த வீடு, வேலை செய்த இடம், சந்தை, கோயில், கடைசியில் இருந்த அறை. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பக்கம் போதும்.

‘எங்கள் ஆயா மிகவும் அன்பானவர், உழைப்பாளி’ என்ற வாக்கியம் வந்தால் அடித்துவிட்டு, உங்களை அப்படி நினைக்க வைத்த சம்பவத்தை எழுதுங்கள். உதாரணமாக: ‘செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை. விடியும் முன் மோர்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆயா கிளம்பிவிடும். மாடு விற்றவனிடம் காசு வாங்கும், விற்காமல் திரும்புகிறவனுக்குச் சும்மா ஊற்றும். எவன் விற்றான், எவன் விற்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், நடையைப் பார்த்தாலே தெரியாதா என்று சொல்லும்.’ இதைப் படித்த பிறகு அன்பானவர் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆயா பேசியது அவர் பேசின மாதிரியே இருக்கட்டும். ‘இட்டுக்கினு வந்தான்’ என்பதை ‘அழைத்து வந்தான்’ என்று திருத்தாதீர்கள். தெலுங்கிலோ உருதிலோ ஒரு வசவு கலந்து வந்தால் அதுவும் அப்படியே. நீங்கள் சொல்லும் பகுதியைச் சாதாரண எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டால் படிக்கிறவருக்குச் சிரமம் இருக்காது.

எதை விடுவது? சாதியைப் பற்றிய பேச்சு கண்டிப்பாக வரும். யார் வீட்டில் தண்ணி குடிக்க விடவில்லை, அல்லது ஆயாவே யாரை வாசலில் நிற்க வைத்தார் என்பதை மறைக்காதீர்கள். ஆயா செய்தது சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம். ஆனால் உயிரோடு இருப்பவர்களின் குடும்பத் தகராறு, இரண்டாம் கல்யாணம், பாகப்பிரிவினை இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அச்சில் ஏற்ற வேண்டாம். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போட்டு, யார் சொன்னது என்று குறிப்பிடுங்கள். நடுவராக உட்கார வேண்டியதில்லை.

படி 10: அச்சடித்துக் கொடுப்பது

ஏ-5 அளவில் ஐம்பது, அறுபது பக்கம் வந்தால் போதும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். படிக்கப் போகிறவர்கள் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். குறைந்த பிரதி என்றால் டிஜிட்டல் அச்சே போதும். அச்சுக்குப் போகும் முன் பெயர்களையும் ஊர்களையும் மட்டுமாவது இரண்டு பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். முதல் பக்கத்தில் குடும்ப மரம் போடும்போது பெண்களின் பெயரையும் அவர்கள் வாக்கப்பட்ட ஊரையும் விடாதீர்கள். நம் வீட்டு மரங்களில் வெட்டுப்படுவது எப்போதும் அந்தக் கிளைதான்.

வருஷப் படையலுக்குச் சொந்தங்கள் கூடும்போது கொடுங்கள். படையல் போட்டதும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பேத்தியை விட்டு நாலு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ‘அப்படி இல்ல, மாடு வாங்கினது மாமன் இல்ல, சித்தப்பன்’ என்று மூன்றாவது வரியிலேயே குறுக்கே ஒரு குரல் வரும். அதற்காகத்தான் புத்தகத்தின் கடைசியில் ஐந்தாறு வெற்றுப் பக்கங்கள் விட வேண்டும். திருத்தத்தை அவரவர் கையாலேயே அதில் எழுதச் சொல்லுங்கள், கீழே பெயரும் தேதியும் போடச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, பக்கத்தில் இருக்கும் பிள்ளை எழுதட்டும். கிளம்பும் முன் அந்தப் பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்து, பழைய பதிவுகள் இருக்கும் இடத்திலேயே சேர்த்து வையுங்கள். அடுத்த பதிப்பில் மாமனுக்குப் பதில் சித்தப்பனைப் போடலாம், அல்லது இரண்டு பேரையும்.